தன் ஆளையே கொன்ற பீரங்கிகள்

3 ஜூலை 2007, செவ்வாய்

ஹெப்வர்த், நான் எழுதிய முதல் பேனல் வாசகத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. காலேஜ் பரீட்சைத் தாளில்கூட எனக்கு இவ்வளவு சிவப்பு விழுந்ததில்லை.

"பீரங்கியின் கதை சீனாவில் தொடங்குகிறது" என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு "பீரங்கி ஐரோப்பாவில் பிறந்தது" என்று போட்டிருக்கிறார். பிறந்ததாம்! இவர் கூட நின்று பிரசவம் பார்த்தாரா? சீனாக்காரன் மூங்கில் குழாயில் வெடிமருந்தை அடைத்து, ஈட்டி முனையில் கட்டி, எதிரி முகத்தில் நெருப்பைக் கக்க வைத்தான். பிறகு மூங்கில் போய் வெண்கலக் குழாய் வந்தது. அதற்கெல்லாம் பிறகுதான் இங்கிலாந்தில் ஒருவன் பூச்சாடி மாதிரி ஒரு பாத்திரத்தின் வாயில் அம்பைச் செருகிப் படம் வரைந்து வைத்தான். வருஷம் 1326. அந்தப் பூச்சாடிதான் இவருக்குப் பிள்ளையார் சுழி. அரபுக்காரர்கள் வெடியுப்புக்கு வைத்த பழைய பெயரே "சீனத்துப் பனி". இந்த ஊர்ப் பாஷையே சாட்சி சொல்கிறது, அந்த உப்பைச் சாம்பல் நீரில் காய்ச்சிச் சுத்தம் செய்யவும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள், அதையும் எழுதியிருந்தேன். அதற்கும் ஒரு கோடு.

"இது ஓட்டல், ராணி. காபிக் கோப்பையோடு நடந்து போகிறவன் ஒரு வரிதான் வாசிப்பான்" என்றார். அந்த ஒரு வரி உண்மையாக இருக்கக்கூடாதா?

கடற்கரையில் புது ஓட்டல் கட்டுகிற முதலாளிக்குப் பழைய பீரங்கி சேர்க்கிற ஆசை. முன்கூடம் முழுக்கப் பீரங்கி, சுவர் முழுக்க வரலாறு. செய்து கொடுப்பது ஷார்ஜா முவைலாவில் இருக்கும் எங்கள் கம்பெனி. எழுதுவது நான், திருத்துவது லண்டன் ஆலோசகர் இந்த ஹெப்வர்த். எம்.ஏ. வரலாறு படித்து நாலு வருஷம் இங்கே ரிசப்ஷனில் போன் எடுத்தவளுக்கு இப்போதுதான் படித்த படிப்புக்கு ஒரு வேலை கிடைத்தது, அதிலும் இப்படி.

வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒனக்குச் சம்பளம் தாறது சீனாக்காரனா?" என்று கேட்டார். ஏசி மெக்கானிக்கைக் கட்டினால் பேச்சும் குளிராகத்தான் வரும்.

5 ஜூலை, வியாழன்

சீனாவுக்கு ஒரு வரி கிடைத்துவிட்டது. அதுவும் "என்று கூறப்படுகிறது" என்ற வாலோடு. ஐரோப்பா "பிறந்தது", சீனா "கூறப்படுகிறது". நல்லா இருக்கு நியாயம்.

10 ஜூலை, செவ்வாய்

டீ நேரத்தில் ஒர்க்‌ஷாப்பில் ஒரே அமளி. கிளப்பிவிட்டது நான்தான். பீரங்கி யாருடையது என்று சும்மா கேட்டேன். பெயின்டர் குல்சார் பாய், "லாகூர்ல நடு ரோட்டில் நிற்கிறது, போய்ப் பார்" என்றார் இந்தியில். ஸ்டோர்காரர் மலையாளி. கோழிக்கோட்டு ராஜா சாமூதிரிதான் முதல் ஆள் என்று கையடித்தார். கார்ப்பென்டர் சோலையப்பன் தஞ்சாவூர்க்காரர், விடுவாரா? "எங்கூரு பீரங்கி மேட்டுல வந்து பாருங்க மேடம். இரும்புப் பட்டையை அடிச்சு அடிச்சுச் சேத்து, வளையம் மாட்டி வச்சிருக்கான். வார்த்தது இல்ல, அடிச்சது!" நானும் சும்மா இருக்கவில்லை. குளச்சல் சண்டையில் டச்சுக்காரனைத் தோற்கடித்த கதையை எடுத்துவிட்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் துடுப்பைத் தோளில் வைத்து வரிசையாக நின்று, துப்பாக்கிப் படை என்று எதிரியை நம்ப வைத்தார்களாம். ஊரில் சொல்கிற கதைதான், ஆனாலும் விடலாமா.

பிறகு மேசைக்கு வந்து வாசிக்க வாசிக்க எனக்கே சிரிப்பு. குளச்சலில் பிடிபட்ட டச்சுக்காரக் கேப்டன் டிலனாய் அப்புறம் என்ன செய்தான்? திருவிதாங்கூர் ராஜாவுக்கே வேலைக்குச் சேர்ந்து, உதயகிரிக் கோட்டையில் அவருக்குப் பீரங்கி செய்துகொடுத்தான். கல்லறையும் அங்கேதான், மேலே தமிழும் லத்தீனும். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போனபோது நானே பார்த்திருக்கிறேன். சாமூதிரிக்குச் செய்தது மிலானிலிருந்து வந்த இரண்டு பேர், போர்த்துக்கீசியரிடமிருந்து ஓடி வந்தவர்கள். பீஜப்பூரில் நிற்கிற பெரிய பீரங்கியை வார்த்தவன் துருக்கிப் பக்கத்து ஆள். கான்ஸ்டான்டிநோபிள் மதிலை உடைத்த பீரங்கியைச் செய்தவன் ஹங்கேரிக்காரன். அவன் முதலில் போனது அந்த மதிலுக்கு உள்ளே இருந்த ராஜாவிடம்தான். அங்கே சம்பளம் ஒழுங்காக வரவில்லை. வெளியே இருந்த சுல்தானிடம் போய்ச் சேர்ந்தான்.

ராத்திரிச் சாப்பாட்டில் இதைச் சொன்னேன். அவர் கையை நிறுத்தினார்.

"அப்ப அவனும் நம்மள மாதிரி விசாவுல வந்தவன்தான்னு சொல்லு."

"ஆமா. கஃபீல் மாறினவன். பழைய முதலாளி சம்பளம் குடுக்கல்ல, புது முதலாளிகிட்ட போனான்."

"அந்த மிலான்காரனுவ?"

"ஊருக்குத் திரும்பப் பாத்தாங்க. கோழிக்கோட்டிலேயே அடிச்சுக் கொன்னுட்டாங்க."

"சவத்த, அதைச் சோத்து நேரத்துல சொல்லாத."

இதையே ஒரு பேனலாக எழுதப் போகிறேன். யாருடைய பீரங்கி என்று கேட்டால் ஊர் விட்டு ஊர் போய் உழைத்தவனுடையது. ஆஹா, இதை எவன் அடிக்கிறான் என்று பார்க்கலாம்.

12 ஜூலை, வியாழன்

அடித்துவிட்டார்கள். இந்த முறை ஹெப்வர்த் இல்லை, எங்கள் புராஜெக்ட் மேனேஜர் அனந்தகிருஷ்ணன். "ரொம்ப நல்லா இருக்கு மேடம். ஆனா ஓனர் இதை வேற மாதிரி எடுத்துக்கிட்டா நம்ம எல்லாரும் காலி." கோயம்புத்தூர் மரியாதையோடு கழுத்தை அறுப்பார் மனுஷன்.

16 ஜூலை, திங்கள்

இன்று அடிபட்டுப் போனது "தன் ஆளையே கொன்ற பீரங்கிகள்" பேனல். இருப்பதிலேயே உழைத்து எழுதியது அதுதான்.

பழைய பீரங்கிகள் எதிரியைக் கொன்றது பாதி, பக்கத்தில் நின்றவனைக் கொன்றது பாதி. ஸ்காட்லாந்து ராஜா ஒருவர் தன் சொந்தப் பீரங்கியை வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் போய் நின்றார், அது வெடித்து அங்கேயே செத்தார். 1460. ராஜாவுக்கே அந்தக் கதி, திரி வைத்தவன் கதி என்ன? ராஜா செத்ததால் நமக்கு அந்தக் கதை தெரிகிறது, திரிக்காரன் பெயரை எவன் எழுதி வைத்தான்? அதனால்தான் பீரங்கிக்காரர்கள் புனித பார்பரம்மாளைக் காவலாகப் பிடித்துக்கொண்டார்கள். புதுப் பீரங்கி செய்தால் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு, எல்லோரும் மண்மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தூரத்திலிருந்து ஒரு தடவை சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால்தான் ஆள் பக்கத்தில் போவான்.

ஹெப்வர்த் ஓரத்தில் எழுதியிருக்கிறார்: விருந்தினர் சாப்பிடப் போகும் வழியில் சாவு வேண்டாம்.

பீரங்கி என்ன பால் காய்ச்சவா கண்டுபிடித்தார்கள்? சாவு வேண்டாம் என்றால் மீன் தொட்டி வையுங்களேன்!

24 ஜூலை, செவ்வாய்

ஒர்க்‌ஷாப்பில் மாதிரிப் பீரங்கி தயாராகிறது. கூடத்துக்கு வெளியே மொட்டைமாடியில் கடலைப் பார்த்து நிற்கப் போகிறது. செய்கிறவன் என் கொழுந்தன் ஜெகின். அவருக்குத் தம்பி, வெல்டர், போன வருஷம் இதே கம்பெனியில் சொல்லி விசா எடுத்துக் கொடுத்தவள் நான். ஏசி வேலையில் மிஞ்சிய தண்ணீர்க் குழாய் ஒன்றை எடுத்து, பின்பக்கம் தட்டு வைத்து அடைத்து, மேலே வளையம் வளையமாக வெல்டு பண்ணியிருக்கிறான். கறுப்புப் பெயின்ட் அடித்ததும் அசல் தோற்றது போங்கள். பார்க்க மட்டும்தானே, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு வந்தேன்.

2 ஆகஸ்ட், வியாழன்

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

அந்தக் குழாயைச் சுடப் போகிறார்களாம்! நிஜ மருந்து போட்டு!

ஓட்டல் திறப்பு ரமலான் நோன்பின் முதல் நாள் சாயங்காலம். நோன்பு திறக்கிற நேரத்துக்கு இங்கே பீரங்கி வெடிப்பது வழக்கம். அது போலீஸ்காரர்கள், முறையான பீரங்கியில், பழக்கப்பட்ட கையால் செய்கிற வேலை. முதலாளி மீட்டிங்கில், "நம் மாடியிலும் ஒன்று வெடித்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். அனந்தகிருஷ்ணன் உடனே, "செய்து விடலாம்" என்று சொல்லிவிட்டார். "முடியாது" என்ற சொல் இந்த மனுஷன் வாயில் வராது, வந்தால் பல் கொட்டிவிடும். அனுமதிக்கு எழுதியாயிற்று. மருந்து கொண்டுவர வாணவேடிக்கைக் கம்பெனியிடம் சொல்லியாயிற்று. திரி வைக்க ஆள் யார்? செய்தவனே வைக்கட்டும் என்று ஜெகினைச் சொல்லியாயிற்று. எல்லாம் ஆயிற்று. குழாய் தாங்குமா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். "மேடம், அது என்னோட டிபார்ட்மென்ட். நீங்க எழுத்தைப் பாருங்க" என்றார்.

ஜெகினுக்கோ தலைகால் புரியவில்லை. "மைனி, ஓனர் முன்னால நான் வெடி போடப்போறேன்!" என்று ஓடி வருகிறான். பிள்ளை முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

3 ஆகஸ்ட், வெள்ளி

சர்ச்சில் பூசை முடிந்து ஜெகின் சாப்பிட வந்தான். மீன் குழம்பு வைத்தும் ஒருவர் வாயிலும் இறங்கவில்லை.

"எப்பிடி மருந்து போடுவே, சொல்லு" என்றேன்.

"கதினா போடுத மாதிரிதான் மைனி. மருந்தைப் போட்டு, செங்கப்பொடியை மேல போட்டு, கம்பியால நல்லா இடிச்சு இறுக்கணும். எவ்வளவு இறுக்குதமோ அவ்வளவு சத்தம். நம்ம கோவில் பெருநாளுக்கு எத்தன வருசம் நான் போட்டிருக்கேன்!"

கரண்டியைக் கீழே வைத்தேன். கதினா என்பது சாண் உயரம், கனத்த இரும்புக் குற்றி. வாய் மேலே பார்த்து மண்ணில் நட்டு வைப்பது. இறுக்கி இடித்தாலும் தாங்கும், சீறினாலும் வானத்துக்குப் போகும். இது நீளக் குழாய், தண்ணீர் போவதற்கு உருட்டின மெல்லிய தகடு. இதில் செங்கல் பொடியை இடித்து அடைத்தால் வாய் வழியாக வழி கிடைக்காது, பக்கவாட்டில்தான் பிளக்கும். எவன் பக்கத்தில் நிற்பான்? திரி வைக்கிறவன்.

சொன்னேன். ஸ்காட்லாந்து ராஜாவையும் சொன்னேன்.

"மைனி, அது அந்தக் காலம். அவனுவகிட்ட வெல்டிங் மெஷின் இருந்துதா?"

"லேய், உனக்க வெல்டு தாங்கும். குழாய் தாங்காது."

"என்ன ஃபோர்மேன் ஆக்குதேன்னு சார் சொல்லியிருக்கார். ஜனவரியில கல்யாணம். லிஜிக்க அப்பா கிட்ட ஃபோர்மேன்னு சொல்லியாச்சு. நீங்க எனக்க சோத்துல மண்ணள்ளிப் போடாதீங்க."

சோற்றில் மண்ணா? நானா? விசாவுக்கு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினவள் நான்! தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். அவராவது தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தால், "மேனேஜர் படிச்சவருதானே ராணி, யோசிக்காமலா சொல்லுவாரு" என்கிறார். நான் படிக்கவில்லையா?

7 ஆகஸ்ட், செவ்வாய்

மறுபடி அனந்தகிருஷ்ணனிடம் போனேன். குழாயின் விவரத்தாளை எடுத்துக் காட்டுகிறார். இவ்வளவு அழுத்தத்துக்குத் தண்ணீர் விட்டுச் சோதித்ததாம்.

"வெடிமருந்து தண்ணியா சார்?"

"மேடம், டென்ஷன் ஆகாதீங்க."

"அப்படின்னா நீங்களே திரி வைங்க. நான் டென்ஷன் ஆகாம நின்னு பாக்கிறேன்."

சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆத்திரத்தில். அதற்குள் டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைக்கிறார்.

9 ஆகஸ்ட், வியாழன்

ஜெகின் போனை எடுக்கவில்லை.

13 ஆகஸ்ட், திங்கள்

மானத்தை விட்டு ஹெப்வர்த் அறைக்குப் போனேன். என் வாக்கியத்தையெல்லாம் வெட்டிச் சாய்த்த மனுஷன். ஆனால் பீரங்கி தெரிந்தவர் இந்த ஆபீஸில் அவர் ஒருவர்தான், அதை மறுக்க மாட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் வாயிலிருந்த பிஸ்கட்டை மெல்வதை நிறுத்திவிட்டார். சுடப் போகிறார்களா, அந்தக் குழாயையா, பக்கத்தில் ஆள் நிற்பானா என்று மூன்று தடவை கேட்டார். பிறகு, "சோதனை வெடி வைத்தார்களா? பழைய காலத்தில் ஒரு வழக்கம் உண்டு, தெரியுமா" என்று தொடங்கினார்.

"தெரியும். என் பேனலில் மூன்றாவது பத்தி. நீங்கள் அடித்தது" என்றேன்.

காதெல்லாம் சிவந்துவிட்டது அவருக்கு. அங்கேயே உட்கார்ந்து அனந்தகிருஷ்ணனுக்கு எழுதினார்.

14 ஆகஸ்ட், செவ்வாய்

சோதனை வெடி உண்டாம். குவாரி ஒன்றில், மணல் மூட்டை அடுக்கி, தூரத்திலிருந்து, கரன்ட் வயர் வழியாகத் தீ வைப்பார்களாம். "ஹெப்வர்த் சார் ரொம்ப நல்ல ஐடியா கொடுத்திருக்கார்" என்று அனந்தகிருஷ்ணன் என்னிடமே வந்து சொல்கிறார்!

பத்து நாளாக நான் கத்தியது இந்த ஆளுக்குக் காக்காய் கரைந்தது மாதிரி இருந்திருக்கிறது. வெள்ளைக்காரர் இரண்டு வரி எழுதியதும் ஐடியா ஆகிவிட்டது. சரி. யார் வாயால் வந்தால் என்ன, பிள்ளை பிழைத்தால் போதும். அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். சமாதானம் ஆகவில்லை.

23 ஆகஸ்ட், வியாழன்

இன்று தைத் என்ற ஊர்ப் பக்கம் கல் குவாரியில் சோதனை வெடி. என்னைக் கூப்பிடவில்லை. வண்டி கிளம்பும்போது நானே ஏறி உட்கார்ந்துவிட்டேன், இறக்கிவிட ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

வாணவேடிக்கைக் கம்பெனி ஆள் ஒரு கோவாக்காரர். மருந்தை அளந்து கொடுத்தார். முதலில் மருந்து மட்டும் போட்டுச் சுட்டார்கள். புஸ் என்று ஒரு புகை, கொஞ்சம் சத்தம். குழாய் அப்படியே நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜெகின் முகத்தில், பார்த்தீர்களா மைனி, என்ற சிரிப்பு.

அனந்தகிருஷ்ணன், "இவ்ளோதானா சத்தம்? ஓனர் பட்டாசுன்னு நினைப்பார். ஜெகின், கொஞ்சம் ஸ்ட்ராங்கா முடியுமா?" என்றார்.

முடியுமாவா! துள்ளிக்கொண்டு போனான். செங்கல் பொடி பையிலேயே கொண்டுவந்திருக்கிறான். கம்பியால் இடிக்கிறான், இடிக்கிறான். கோவாக்காரர், "போதும் பாய், கலாஸ்" என்று கத்துகிறார். இடித்து முடித்தவன் திரும்பி வராமல் அங்கேயே நிற்கிறான். அனந்தகிருஷ்ணனைப் பார்த்து, "சார், திறப்பு நாள்ல கையாலதானே வைக்கணும்? இப்பவே வச்சுப் பழகிருதேன், லைட்டர் இருக்கு" என்கிறான்.

ஒரு நொடி அனந்தகிருஷ்ணன் பேசவில்லை. அந்த ஒரு நொடியை நான் சாகிற வரை மன்னிக்க மாட்டேன்.

நான் கத்தியது குவாரி முழுக்கக் கேட்டிருக்கும். "லேய் ஜெகின்! இஞ்ச வா! வரல்லன்னா நான் அங்க வந்து உனக்கப் பக்கத்துல நிப்பேன்! அண்ணனுக்கு ரெண்டு பேரையும் சேத்துப் பெட்டியில அனுப்பட்டும்!" மணல் மூட்டையைத் தாண்டி நடக்கவும் தொடங்கிவிட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். மூட்டைக்குப் பின்னால் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

கோவாக்காரர் பொத்தானை அழுத்தினார்.

சத்தம் என்று எழுதினால் போதாது. நெஞ்சில் யாரோ கையால் தள்ளினது மாதிரி இருந்தது. மண் மழையாகக் கொட்டியது. கொஞ்ச நேரம் காதே கேட்கவில்லை. எழுந்து பார்த்தால் பீரங்கி இல்லை. அது உட்கார்ந்திருந்த வண்டிக் கட்டை மட்டும் கவிழ்ந்து கிடந்தது. அவன் நின்ற இடத்துக்குப் பின்னால் இருந்த தண்ணீர் டிரம்மை ஒரு துண்டு இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் கிழித்திருந்தது.

கோவாக்காரர் சிலுவை போட்டார். ஜெகின் சட்டையை இன்னும் நான் விடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவன் உதறிவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டான்.

25 ஆகஸ்ட், சனி

தீர்ப்பு வந்துவிட்டது. வெல்டிங் சரியில்லையாம்! வெல்டர் கவனக்குறைவாம்! ஜெகினுக்கு விசா கேன்சல்.

இரும்பு துருப்பிடிக்கும் என்று தெரியும். இவர்கள் மனசு எதில் செய்தது?

27 ஆகஸ்ட், திங்கள்

துண்டுகளை ஒர்க்‌ஷாப் மூலையில் குப்பைக்கு ஒதுக்கியிருந்தார்கள். சோலையப்பனைத் துணைக்குக் கூட்டிப் போய்ப் பெரிய துண்டைப் பொறுக்கி எடுத்தேன். பின்பக்கத் தட்டும் அதை ஒட்டின குழாயும். ஜெகின் போட்ட வெல்டு சுற்றிவர அப்படியே இருக்கிறது, மயிரிழை விரிசல் இல்லை. கிழிந்தது குழாய், நீளவாக்கில், ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிற மாதிரி நேராக. குழாய் செய்தபோதே ஃபேக்டரியில் ஒட்டின தையல் அது.

இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் அனந்தகிருஷ்ணன் மேசையில் வைத்தோம். கண்ணாடி மேசை கீறட்டும் என்றே வைத்தேன்.

"வெல்டு எங்க சார் விட்டிருக்கு? விரல் வச்சுக் காட்டுங்க."

ரொம்ப நேரம் பார்த்தார். கதவைச் சாத்தச் சொன்னார். "தெரியும் மேடம். அன்னிக்கே பாத்துட்டேன்."

"தெரிஞ்சுமா?"

"ஓனர் ஒரு பேரு கேக்கிறார். பைப்பைத் தேர்ந்தெடுத்தது யாருன்னு போனா நான். ஸ்ட்ராங்கா போடச் சொன்னதும் நான். என் பொண்ணு பத்தாவது படிக்கிறா, நடு வருஷத்துல எங்க கூட்டிட்டுப் போவேன்?" குரல் உடைந்துவிட்டது. "அவன் சின்னப் பையன். வேற எங்கயாவது போயிடலாம்."

"அவன் இடிச்சு இறுக்கினது தப்பு. அதை நான் இல்லேங்கல. ஆனா இறுக்கச் சொன்ன வாய்க்கு வேலை இருக்கு, இறுக்கின கைக்கு வேலை இல்ல. நல்லா இருக்கு சார் உங்க டிபார்ட்மென்ட்."

டிஷ்யூ பெட்டியை இந்தத் தடவை நான் நகர்த்தினேன்.

ஹெப்வர்த்திடமும் போனேன். எழுதினாராம், பதில் வந்ததாம், ஊழியர் விஷயத்தில் ஆலோசகர் தலையிட வேண்டாம் என்று. உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தத்தை வைத்து என்ன செய்ய?

31 ஆகஸ்ட், வெள்ளி

ஜெகின் வந்தான். அவன் அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார்.

"நீங்க சும்ம இருந்திருந்தா ஒரு புஸ்ஸோட முடிஞ்சிருக்கும். டெஸ்ட்டு டெஸ்ட்டுன்னு நீங்கதான் கேட்டீங்க. இப்ப எனக்க வேலை போச்சு. லிஜிக்க வீட்டுல என்ன சொல்லணும்? சொல்லுங்க மைனி."

"திறப்பு நாள்ல சத்தம் பத்தாதுன்னா நீ இடிச்சிருக்க மாட்டியா?"

ஜெகின் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

அவருக்கு என்றைக்கும் இல்லாத கோபம். "லேய், அவ இல்லேன்னா உன்ன வாரிக் கூட்டி அனுப்பியிருப்போம்! நான் அம்மைக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?" என்று மேசையில் அடித்தார். முதல் தடவையாக என் பக்கம் பேசினார். இந்த மாதம் முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே நியாயம்.

ஜெகின் கைகூடக் கழுவாமல் போய்விட்டான். நன்றி கேட்டேனா நான்? பேசினால் போதாதா?

4 செப்டம்பர், செவ்வாய்

"தன் ஆளையே கொன்ற பீரங்கிகள்" திரும்பி வருகிறது. முன்கூடத்தில் முதல் பேனலாக, தனி விளக்கு போட்டு. ஹெப்வர்த் பிடிவாதமாக நின்று வாங்கியிருக்கிறார். என் வாக்கியங்கள், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. கீழே "வாசகம்" என்று அவர் பெயர். கம்பெனி வழக்கம் அதுவாம், அவரே வந்து மன்னிப்புக் கேட்டார்.

பதிலுக்கு என்ன சொல்ல? திரிக்காரன் பெயரைத்தான் எவனும் எழுதுவதில்லை என்று அதே பேனலில் நானே எழுதியிருக்கிறேன்.

13 செப்டம்பர், வியாழன்

முதல் நோன்பு. இன்று சாயங்காலம் ஓட்டல் திறப்பு. மாடியில் ஃபைபர் பீரங்கி, உள்ளே ஸ்பீக்கர். வாணவேடிக்கை இல்லை, புகை இல்லை, பட்டனை அழுத்தினால் சத்தம். இதை ஜூலையிலேயே செய்திருக்கலாம்.

காலையில் அனந்தகிருஷ்ணன், "மேடம், உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு ஓனர்கிட்ட சொல்லிடறேன்" என்றார். "உடம்பு நல்லாத்தான் இருக்கு சார். வரமாட்டேன்னு ராணி சொன்னாள்னு சொல்லுங்க" என்றேன். ஜெகினுக்குத் திருவனந்தபுரம் விமானம் இன்றைக்குத்தான் கிடைத்தது.

ஷார்ஜா ஏர்போர்ட்டில் பெட்டி போட்டுவிட்டு மூன்று பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அறையிலிருந்து ஏர்போர்ட் வரை ஜெகின் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனிடம் மட்டும், சவூதியில், தம்மாமில் கூட்டுக்காரன் ஒருவன் இருக்கிறான், கல்யாணம் முடிந்து அங்கே பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். லிஜியின் அப்பா இன்னும் சரி என்றும் சொல்லவில்லையாம், வேண்டாம் என்றும் சொல்லவில்லையாம். அவர் பார்க்கிங்குக்குக் காசு போட எழுந்து போனார். நாங்கள் இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நோன்பு திறக்கிற நேரம். சுற்றிலும் எல்லோரும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக் காத்திருக்கிறார்கள். மேலே டிவியில் நேரடி ஒளிபரப்பு. போலீஸ்காரர்கள் விறைப்பாக நிற்கிறார்கள், பீரங்கி நிற்கிறது. ஒருவர் கையை இறக்கினார்.

டிவிச் சத்தம்தான், அதுவும் யாரோ குறைத்து வைத்திருந்த சத்தம். ஜெகின் நாற்காலியோடு துள்ளி விழுந்தான். கீழே குனிந்து தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். எதிரே இருந்த குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தது. பெருநாளுக்குப் பெருநாள் கதினா போட்டவன்.

முதுகில் கை வைத்தேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது. பாங்கு முடிகிற வரை நிமிரவில்லை. பிறகு தரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"மைனி, லைட்டர் எனக்க கையிலதான் இருந்துது, இல்ல?"

"ஆமா மக்கா."

"வச்சிருப்பேன்."

"ஆமா."

பக்கத்தில் இருந்த பட்டாணியர் ஒன்றும் கேட்காமல் எங்கள் இரண்டு பேர் கையிலும் பழம் வைத்தார். ஜெகின் தன் பழத்தை வாயில் போட்டு மென்றுகொண்டே அழுதான். நான் என்னுடையதைத் தின்றுவிட்டுக் கொட்டையை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். அவர் வந்து, "என்னாச்சு ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டார். "போர்டிங்குக்குக் கூப்பிடுதான், எழும்புங்க" என்றேன்.